குப்பையாக வரும் பைட்டுகளை வாசித்தல்

தனித்தனியாக இயக்கினால் இரண்டு மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளும் குறையின்றி வேலை செய்கின்றன. வயர்களால் இணைத்துச் சீரியல் வழியாக, அதாவது ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாகத் தரவை அனுப்பும் முறையில், பேச வைத்ததும் திரையில் கேள்விக்குறிகளும் கட்டங்களும் பொருளற்ற எழுத்துகளும் வந்து விழுகின்றன. பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டங்களுக்கு உதவி வரும் நான் மிக அதிகமாகக் கேட்கும் முறையீடு இதுதான். அந்நிலையில் பெரும்பாலானவர்கள், வந்தவற்றைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டு, நிரலில் எதையாவது மாற்றி மீண்டும் ஏற்றிப் பார்க்கிறார்கள். ஒதுக்கப்பட்ட அந்தக் குப்பையைத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சீரியல் தொடர்பில் தவறாக வரும் ஒவ்வொரு பைட்டும், அதாவது எட்டு பிட்டுகள் (0, 1 இலக்கங்கள்) கொண்ட ஒவ்வொரு தொகுதியும், ஏதோ ஒரு விதிப்படியே தவறாகிறது. எழுத்தாகப் பார்க்காமல் எண்ணாகவும், எண்ணாக மட்டும் பார்க்காமல் பிட்டுகளாகவும் பார்த்தால் அந்த விதி தெரிந்துவிடும்.

இதற்கு யூஆர்ட் என்னும் இந்தச் சீரியல் முறை எப்படி இயங்குகிறது என்பது மனத்தில் தெளிவாக இருக்க வேண்டும். எஸ்பிஐ, ஐ2சி ஆகிய பிற இணைப்பு முறைகளில் கடிகாரத் துடிப்பைச் சுமக்கத் தனி வயர் உண்டு, இதில் கிடையாது. அனுப்பும் சில்லும் பெறும் சில்லும் ஒரு பிட்டின் கால அளவு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, தத்தம் கடிகாரத்தை நம்பி இயங்குகின்றன. பேச்சில்லாதபோது வயர் உயர்நிலையில் இருக்கும். ஒரு பைட் புறப்படும்போது வயர் ஒரு பிட் காலத்துக்குத் தாழ்நிலைக்கு இறங்கும். இது தொடக்க பிட். அடுத்து எட்டுத் தரவு பிட்டுகள், மதிப்பில் மிகச் சிறிய பிட் முதலாகச் செல்லும். இறுதியில் உயர்நிலையில் ஒரு நிறுத்த பிட். பாட் என்பது இங்கே வினாடிக்கு இத்தனை பிட் என்னும் வேகம். 9600 பாட் வேகத்தில் ஒரு பிட்டின் காலம் ஏறத்தாழ 104 மைக்ரோவினாடி; 115200 பாட் வேகத்தில் அது 8.7 மைக்ரோவினாடியாகச் சுருங்குகிறது. பெறும் சில்லு அந்த முதல் இறக்கத்தைக் கண்ட கணத்திலிருந்து காலத்தை எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் வயரைப் பார்த்து 0 அல்லது 1 என்று குறித்துக்கொள்கிறது. ஆர்டுயினோ ஊனோ போர்டில் உள்ள ஏடிமெகா328பி என்னும் சில்லு, இயல்பு நிலையில் ஒரு பிட்டை 16 கூறுகளாகப் பிரித்து, நடுவில் உள்ள மூன்று கூறுகளில் பார்த்து, பெரும்பான்மை எதுவோ அதை ஏற்கிறது. 1960களில் டெக் நிறுவனத்தின் கணினிக்காகக் கார்டன் பெல் இத்தகைய சுற்றை வடிவமைத்தார். 1971 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் அதை ஒற்றைச் சில்லாக்கி விற்றது. அடிப்படை இன்றும் அதேதான்.

இவற்றுள் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. ஒரு பைட்டுக்கு ஒரே ஒரு முறை, தொடக்க பிட்டின் இறக்கத்தில் மட்டுமே, இரு கடிகாரங்களும் ஒத்திசைகின்றன. சிறிய பிட் முதலிலும் பெரிய பிட் கடைசியிலும் செல்கின்றன. பின்னால் வரும் துப்புகள் பலவும் இவ்விரண்டிலிருந்தே கிடைக்கின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு திட்டத்தைச் சொல்கிறேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து, கைப்பேசியிலிருந்தே மோட்டாரை இயக்கவும் நிறுத்தவும் இரு மாணவர்கள் ஒரு கருவி செய்தார்கள். ஊனோ போர்டில், ஒலி எதிரொலித்துத் திரும்பும் நேரத்தால் தொலைவை அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார், டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின்சுவிட்சான ரிலே ஆகியவை இருந்தன. ஒலியின் வேகம் 20 டிகிரியில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டராகவும் 40 டிகிரியில் ஏறத்தாழ 355 மீட்டராகவும் இருப்பதால், நண்பகல் வெயிலில் தொட்டியின் அளவு பிசகாமலிருக்க வெப்பநிலையும் தேவைப்பட்டது. வைஃபைக்கு ஈஎஸ்பி32 போர்டு. ஊனோ நீர்மட்டத்தை அனுப்பும். ஈஎஸ்பி32, ‘எம்1’ என்று அனுப்பினால் மோட்டார் ஓட வேண்டும், ‘எம்0’ என்று அனுப்பினால் நிற்க வேண்டும். ஈஎஸ்பி32 ஒன்றே இவ்வளவையும் செய்துவிடுமே என்று கேட்பவர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஊனோவில் முந்தைய பருவத்திலேயே எழுதிச் சோதித்த நிரல் அவர்களிடம் இருந்தது. 5 வோல்ட் சென்சார்களும் ரிலேயும் அதனுடன் இயல்பாகப் பொருந்தின. நன்றாக ஓடும் ஒன்றைக் கலைக்காமல் அதன் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்ப்பது மதிக்கத்தக்க முடிவு.

வயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு போர்டின் டிஎக்ஸ் (அனுப்பும் பின்) மற்றொன்றின் ஆர்எக்ஸுக்கு (பெறும் பின்) செல்ல வேண்டும். மின்னழுத்தத்தின் பூச்சிய நிலையான கிரவுண்ட் இரண்டும் இணைந்திருக்க வேண்டும். இரு போர்டுகளும் ஒரே லேப்டாப்பின் யூஎஸ்பியில் இருக்கும்போது கிரவுண்ட் தானாகவே இணைந்துவிடுவதால் மேசையில் எல்லாம் ஓடும். தனித்தனி அடாப்டரில் மாட்டியதும் நின்றுபோகும். இதைச் சோதிக்க மல்டிமீட்டரே போதும். இரு போர்டுகளும் இயங்கிக்கொண்டிருக்க, ஒன்றின் கிரவுண்டிலிருந்து மற்றொன்றின் டிஎக்ஸை அளந்தால், பேச்சில்லாத நேரத்தில் ஊனோவுக்கு 5 வோல்ட்டையும் ஈஎஸ்பி32க்கு 3.3 வோல்ட்டையும் ஒட்டிய நிலையான அளவு வர வேண்டும். அலையும் எண் வந்தால் கிரவுண்டையும், பூச்சியம் வந்தால் பின்னையும் சந்தேகிக்கலாம். அடுத்த சோதனை அதைவிட எளிது: ஒரே போர்டின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு ஜம்பர் வயரால் இணைத்துவிட்டால் அது அனுப்பியது அதற்கே திரும்பி வர வேண்டும். ஈஎஸ்பி32இன் மூன்றாவது யூஆர்ட்டுக்கு வழக்கமாக 16, 17 ஆகிய பின்களைப் பயன்படுத்துகிறோம். வ்ரோவர் வகை மாட்யூல்களில் அவை கூடுதல் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், இந்தச் சுற்றுச் சோதனை தோற்கும். தோற்றால் எதிர்ப்பக்கத்து போர்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஈஎஸ்பி32இல் பின்களை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. வேறு இரண்டைக் கொடுத்துவிட்டால் போதும்.

மின்னழுத்தம் அவ்வளவு விரைவாகக் கடந்துபோகக் கூடியதன்று. 5 வோல்ட்டில் இயங்கும் ஏடிமெகா328பி ஒரு நிலையை 1 என்று உறுதியாக ஏற்க, வழங்கு மின்னழுத்தத்தில் 0.6 மடங்கு, அதாவது 3 வோல்ட், தேவை. ஈஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட். இடைவெளி 0.3 வோல்ட் மட்டுமே என்பதால், மேசை மேல் பழுதின்றி ஓடும் இணைப்பு, ரிலேயின் மின்னோட்டம் அதே மெல்லிய கிரவுண்ட் வயர் வழியாகத் திரும்பும்போது தடுமாறலாம். ரிலே இயங்கும் நேரத்தில் மட்டும் பிழை வருகிறது என்றால் முதலில் ரிலேயின் கிரவுண்ட் வயரைத் தனியாகப் பிரித்துப் போடச் சொல்வேன். எதிர்த்திசையில் நிலைமை இதைவிடக் கடுமையானது. ஈஎஸ்பி32இன் பின்கள் தாங்கக்கூடிய எல்லை 3.6 வோல்ட், ஊனோவின் டிஎக்ஸ் 5 வோல்ட் தருகிறது. நேராக மாட்டியும் ஓடுகிறதே என்று பலர் சொல்கிறார்கள். ஓடுவது உண்மைதான், ஆனால் அந்தப் பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு ஒவ்வொரு பிட்டிலும் அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. 1 கிலோஓம் மின்தடை ஒன்றைத் தொடரிலும் 2 கிலோஓம் ஒன்றைக் கிரவுண்டுக்கும் வைத்தால் 5 வோல்ட் 3.3 வோல்ட்டாக இறங்கிவிடும். ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் பெறும் இந்த மின்தடைகளைத் தவிர்க்க எந்த நியாயமும் இல்லை.

அவை இன்னொரு தொல்லையையும் குறைக்கின்றன. ஒரு போர்டின் யூஎஸ்பியைக் கழற்றிய பிறகும் அதன் எல்இடி மங்கலாக எரிவதைச் சிலர் பார்த்திருக்கலாம். எதிர்ப்பக்கத்து டிஎக்ஸ் வயரின் உயர்நிலை, அதே பாதுகாப்பு டயோடு வழியாகப் புகுந்து, அணைந்த போர்டுக்கு அரைகுறையாக மின்சாரம் ஊட்டுகிறது. அந்தச் சில்லு முழுவதும் அணையவும் இல்லை, முழுவதும் எழவும் இல்லை. அணைத்துப் போட்டாலும் பழைய தடுமாற்றம் தொடர்வதற்கு இதுவே காரணமாகிவிடுகிறது. தரவு வயர்களையும் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தால் சரியாகிறது என்றால், நிரலில் தேட வேண்டியது எதுவுமில்லை.

இனி பைட்டுகளுக்கு வருகிறேன்.

முதல் வேலை, பெறும் போர்டில் வந்த ஒவ்வொரு பைட்டையும் அதன் எண் மதிப்பாகத் திரையில் அச்சிடுவது. இதைச் செய்த மாத்திரத்தில் சில புதிர்கள் அவிழ்ந்துவிடுகின்றன. 65 என்ற மதிப்பை அனுப்ப எண்ணியவருக்கு 54, 53 என இரண்டு பைட்டுகள் வந்தால், அனுப்பும் பக்கம் ‘ரைட்’ கட்டளைக்குப் பதிலாக ‘பிரிண்ட்’ கட்டளை இருக்கிறது. ‘6’, ‘5’ என்னும் இரு எழுத்துகளின் குறிகள்தாம் அவை. ‘எம்1’ என்பது திரையில் சரியாகத் தெரிந்தும் நிரல் அதை ஏற்க மறுத்தால், எண்களாக அச்சிட்டதும் 77, 49 ஆகியவற்றின் பின்னால் 13 ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். வரி முடிவாக 13, 10 ஆகிய இரண்டும் அனுப்பப்பட, பெறும் நிரல் 10ஐ மட்டும் நீக்கியிருக்கிறது.

அடுத்து, வந்த பைட்டுகளின் எண்ணிக்கை. பாட் வேகம் இருபக்கமும் ஒன்றாக இல்லாதபோது, ஒரு பைட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை வந்தால் பெறும் பக்கம் வேகமாக இருக்கிறது. பல பைட்டுகள் அனுப்பிச் சிலவே வந்தால் பெறும் பக்கம் மெதுவாக இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’, அதாவது 65, 9600இல் அனுப்பப்பட்டு 19200இல் பெறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வயரில் செல்லும் வரிசை, தொடக்க பிட்டும் நிறுத்த பிட்டும் சேர்த்து, 0 1 0 0 0 0 0 1 0 1. பெறும் பக்கத்துக்கு ஒவ்வொன்றும் இரண்டு பிட்டாகத் தெரிவதால் அது 00 11 00 00 00 00 00 11 00 11 என்று ஆகிறது. முதல் 0 தொடக்க பிட். அடுத்த எட்டு 0 1 1 0 0 0 0 0. சிறிய பிட் முதலில் என்பதால் மதிப்பு 6. நிறுத்த பிட் இருக்க வேண்டிய இடத்தில் 0 இருக்கிறது. சட்டகப் பிழை என்று சில்லு தனக்குள் குறித்துக்கொள்ளும். பின்னர் அடுத்து வரும் இறக்கத்தில் மீண்டும் ஒரு பைட் தொடங்குவதாக அது எண்ணிக்கொள்ள, 254 வருகிறது. 65 என்பது 6, 254 ஆகிறது. இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்தவர்களுக்குத் திரையில் வரும் எதுவும் பிறகு அச்சமூட்டுவதில்லை. 9600இல் அனுப்பி 115200இல் பெற்றால் ஒரு பிட்டே பன்னிரண்டாக நீள்வதால், தொடக்க பிட் மட்டுமே முழு 0 பைட்டாகிவிடுகிறது. திரையில் பூச்சியங்கள் மிகுதியாக இருந்தால் இதை நினைக்கலாம்.

வேகத்தை நேராக அளக்க விரும்பினால் 85ஐ இடைவெளி இல்லாமல் தொடர்ந்து அனுப்பச் சொல்கிறேன். 85இன் பிட்டுகள் 0, 1 என மாறி மாறி வருவதால், தொடக்க பிட்டும் நிறுத்த பிட்டும் சேர்ந்து அது பிசிறில்லாத சதுர அலையாகிவிடுகிறது. 9600 பாட் என்றால் 4800 ஹெர்ட்ஸ். அதிர்வெண் அளக்கும் வசதி உள்ள மல்டிமீட்டரே இதைக் காட்டிவிடும். வண்டிகளில் பயன்படும் லின் இணைப்பிலும், பெறும் பக்கம் வேகத்தைத் தெரிந்துகொள்வதற்காக ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் இதே 85 அனுப்பப்படுகிறது.

இருபக்கமும் ஒரே எண்ணைக் கொடுத்தும் வேகம் வேறுபடக்கூடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. ஏடிமெகா328பி தன் கடிகாரத்தை முழு எண்ணால் வகுத்தே பாட் வேகத்தைப் பெறுகிறது. 16 மெகாஹெர்ட்ஸில் 115200 துல்லியமாகக் கிடைக்காது; கிடைப்பது ஏறத்தாழ 117647, அதாவது 2.1 விழுக்காடு அதிகம். 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 3.3 வோல்ட் புரோ மினி என்னும் ஆர்டுயினோ போர்டில் அது 111111, அதாவது 3.5 விழுக்காடு குறைவு. எட்டுத் தரவு பிட்டுகளுக்கு 1.5 முதல் 2 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு அந்தச் சில்லின் தரவேடு பரிந்துரைக்கிறது. ஊனோவையும் புரோ மினியையும் 115200இல் இணைத்தால் ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் விலகி, இடைவெளி 5 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. இரண்டு நிரல்களிலும் 115200 என்றே எழுதியிருக்கும்; யார் பார்த்தாலும் பிழை தெரியாது. 16 மெகாஹெர்ட்ஸில் 9600, 38400 ஆகிய வேகங்களில் விலகல் 0.2 விழுக்காடுதான், 250000இல் விலகலே இல்லை. வேகம் கூடினால் பிழை கூடும் என்ற பொதுவான நம்பிக்கை இந்த இடத்தில் பொருந்துவதில்லை.

கடிகாரம் இவ்வாறு சிறிதளவு விலகும்போது வரும் பிழைக்குத் தனி முகம் உண்டு. தொடக்க இறக்கத்திலிருந்து தொலைவு கூடக்கூட விலகல் சேர்ந்துகொண்டே போவதால், முதலில் கெடுவது கடைசியில் வரும் பெரிய பிட். அனுப்பும் பக்கம் 6 விழுக்காடு வேகமாக இருந்தால், பெறும் பக்கம் எட்டாவது பிட்டைப் பார்க்க வரும்போது நிறுத்த பிட்டே வந்துவிட்டிருக்கும். அதன் உயர்நிலையை 1 என்று எடுத்துக்கொள்ளும். 65 ஆக வர வேண்டியது 193 ஆகிறது. சாதாரண ஆங்கில எழுத்துகள் அனைத்தும் 128க்குக் கீழே இருப்பதால், திரையில் 128 கூடிய எண்கள் வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். படிகம் இல்லாமல் மின்தடை, மின்தேக்கியால் இயங்கும் உள் ஆர்சி கடிகாரத்தில் ஓடும் ஏடிடைனி சில்லுகளில் தொழிற்சாலை அளவீட்டிலேயே 10 விழுக்காடு வரை விலகல் இருக்கலாம் என்பதால், இந்த முகத்தை அங்கே அடிக்கடி காணலாம்.

தண்ணீர்த் தொட்டித் திட்டத்துக்குத் திரும்புகிறேன். அங்கே வயர், கிரவுண்ட், மின்னழுத்தம், பாட் வேகம் எல்லாம் சரியாக இருந்தன. ஊனோவிலிருந்து ஈஎஸ்பி32க்குச் சென்ற நீர்மட்டம் ஒருபோதும் தவறாக வரவில்லை. எதிர்த்திசையில் வந்த மோட்டார் கட்டளை மட்டும் எப்போதாவது ஒருமுறை ஏற்கப்படாமல் போயிற்று. ‘நிறுத்து’ என்ற கட்டளை தவறினால் தொட்டி நிரம்பி வழியும் என்பதால் ‘எப்போதாவது’ என்று விட்டுவிட முடியாது. வந்தவற்றை எண்களாக அச்சிட்டு நெடுநேரம் ஓடவிட்டோம். வர வேண்டியவை 77, 48 அல்லது 49, பிறகு 10. தவறிய இடங்களில் 77க்குப் பதில் 166 இருந்தது. 48, 49 இரண்டுக்கும் பதில் 152 இருந்தது. 10க்குப் பதில் 133 இருந்தது. வேறு எந்தத் தவறான எண்ணும் இல்லை.

மின் இரைச்சலால் வரும் பிழை இப்படி ஒழுங்காக இருப்பதில்லை. பிட்டுகளாக எழுதினோம். 77 என்பது 01001101. 166 என்பது 10100110. எல்லாப் பிட்டுகளும் ஓரிடம் வலப்பக்கம் நகர்ந்து, கடைசி பிட் விழுந்துபோய், இடக்கோடியில் 1 புதிதாக வந்து அமர்ந்திருக்கிறது. 10 என்பது 133 ஆனதும் இதே வழியில்தான். 48க்கும் 49க்கும் உள்ள ஒரே வேறுபாடு அந்தச் சிறிய பிட். அது விழுந்துவிட்டதால் இரண்டும் 152 ஆகிவிட்டன. முதலில் வரும் தரவு பிட்டைத் தவறவிட்டு, கடைசியில் நிறுத்த பிட்டைத் தரவாக எடுத்துக்கொண்டால் மட்டுமே இப்படி ஆகும். அப்படியென்றால் ஊனோ சில நேரங்களில் தொடக்க பிட்டை ஏறத்தாழ ஒரு பிட் காலம் தாமதமாகக் கவனிக்கிறது. கடிகாரம் வேறுபட்டால் பெரிய பிட் மட்டும் முதலில் கெடும் என்று மேலே பார்த்தோம். இங்கே எல்லாப் பிட்டும் ஒன்றாக நகர்ந்திருப்பதால் கடிகாரம் காரணமாக இருக்க முடியாது.

ஊனோவில் வன்பொருள் சீரியல் ஒன்றுதான் உண்டு. அதன் 0, 1 ஆகிய பின்கள் யூஎஸ்பி சில்லுடன் 1 கிலோஓம் மின்தடைகள் வழியாக இணைந்திருக்கின்றன. அங்கே வேறொரு போர்டை மாட்டினால் அதன் டிஎக்ஸ் யூஎஸ்பி சில்லை மீறிவிடும், நிரல் ஏற்றுவது தடைப்படும். அதனால் பலரையும்போல் இவர்களும் 10, 11 ஆகிய பின்களில், யூஆர்ட்டின் வேலையை நிரலாலேயே செய்யும் சாஃப்ட்வேர்சீரியல் நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த நூலகம் தொடக்க பிட்டின் இறக்கத்தை இண்டரப்ட் மூலம், அதாவது ஓடும் நிரலை இடைநிறுத்தி உடனே கவனிக்க வைக்கும் ஏற்பாட்டின் மூலம், அறிந்துகொள்கிறது. இண்டரப்ட் தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருந்தால் அறிவது தாமதமாகும். அதை நிறுத்துவது யார்? வெப்பநிலை சென்சாருடன் பேசும் ஒன்வயர் நூலகம். ஒரு 0 பிட்டை எழுதும்போது 65 மைக்ரோவினாடியும், சென்சார் இருக்கிறதா என்று பார்க்கும்போது 70 மைக்ரோவினாடியும் அது இண்டரப்டை மூடிவைக்கிறது. 9600 பாட்டில் அரை பிட்டின் காலம் 52 மைக்ரோவினாடி. தாமதம் அதைத் தாண்டிவிட்டால், முதல் பிட்டின் நடுவைப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு ஊனோ இரண்டாவது பிட்டைப் பார்க்கிறது. மூடிய இடைவெளியின் தொடக்கத்திலேயே பைட்டின் இறக்கமும் நிகழ வேண்டும் என்பதால்தான் தவறு அரிதாக நேர்ந்தது. வெப்பநிலை வாசிப்பதை நிரலிலிருந்து நீக்கிவிட்டு ஓடவிட்டோம். 166உம் 152உம் 133உம் அறவே மறைந்தன. மூன்று எண்கள் குற்றவாளியைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியது எனக்குப் பெரும் மகிழ்ச்சியளித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தீர்வுகள் சில இருந்தன. நான்கு வன்பொருள் யூஆர்ட்கள் கொண்ட மெகா2560 போர்டுக்கு மாறலாம். ஈஎஸ்பி32ஐ 0, 1 பின்களுக்குக் கொண்டுவந்து, நிரல் ஏற்றும்போது மட்டும் வயரைக் கழற்றலாம். மாணவர்கள் மூன்றாவதைத் தேர்ந்தார்கள்: ஈஎஸ்பி32 தானாகப் பேசக் கூடாது, ஊனோ நீர்மட்டத்தை அனுப்பி முடித்ததும், அதற்கு விடையாக மட்டும் கட்டளையைத் திருப்பி அனுப்ப வேண்டும், விடை வந்து சேரும்வரை ஊனோ வெப்பநிலையைத் தொடக் கூடாது. சாஃப்ட்வேர்சீரியல் ஒரு பைட்டை அனுப்பும்போதும் இண்டரப்டை மூடிவிடுவதால், அதே நேரத்தில் எதிரிலிருந்து வருவதும் சிதையும். ஒருவர் கேட்க ஒருவர் விடையளிக்கும் ஒழுங்கு இந்த இரண்டு மோதல்களையும் ஒன்றாக நீக்கிவிட்டது. கூடுதல் செலவு இல்லாத இந்த முடிவை நான் மனமாரப் பாராட்டினேன்.

இதே ஒழுங்கு இன்னொரு இழப்பையும் தடுக்கிறது. வந்த பைட்டுகள் வாசிக்கப்படும்வரை காத்திருக்கும் இடமான ஊனோவின் சீரியல் இடையகம் 64 பைட் அளவே. 9600 பாட்டில் அது ஏறத்தாழ 66 மில்லிவினாடியில் நிறைந்துவிடும். டிஎஸ்18பி20 தன் முழுத் துல்லியத்தில் ஒரு அளவை எடுக்க 750 மில்லிவினாடி வரை தேவைப்படுகிறது. வழக்கமான நூலகம் அது முடியும்வரை நிரலைக் காக்க வைக்கும். எச்சி-எஸ்ஆர்04க்காகப் பயன்படும் ‘பல்ஸ்இன்’ கட்டளையும் எதிரொலி வராவிட்டால் ஒரு வினாடி வரை நின்றுவிடும். அந்த நேரத்தில் வரும் பைட்டுகளில் இடமுள்ளவரை சேர்ந்து, மீதி சொல்லாமல் தொலைந்துபோகும். பிழையின் முகம் இங்கே வேறு: எண்கள் எதுவும் மாறியிருக்காது, ஆனால் செய்தியின் முற்பகுதி சரியாக இருந்து பிற்பகுதி காணாமல் போயிருக்கும். அதற்கு நேர்மாறாக, ஒரு பைட் வந்ததுமே முழுச் செய்தியும் வந்துவிட்டதாக எண்ணிப் படிக்கத் தொடங்கும் நிரலில், செய்தி துண்டு துண்டாகத் தெரியும். 9600இல் அடுத்த பைட் வர ஒரு மில்லிவினாடிக்கு மேல் ஆகும். சில்லின் கணக்கில் அது மிக நீண்ட நேரம். வரி முடிவைக் குறிக்கும் 10 வரும்வரை சேர்த்துவைத்து, அதன் பின்பே பொருள் காண வேண்டும்.

நீர்மட்டம், வெப்பநிலை போன்றவற்றை எழுத்தாக அனுப்பாமல் நினைவகத்தில் உள்ளபடியே ஒரு ஸ்ட்ரக்ட்டாக (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பாக) அனுப்ப விரும்புபவர்கள் உண்டு. ‘இண்ட்’ என்னும் முழு எண் வகை ஊனோவில் 2 பைட், ஈஎஸ்பி32இல் 4 பைட். ‘டபுள்’ என்னும் தசம எண் வகை ஊனோவில் 4 பைட், அங்கே 8 பைட். ஒரு பைட்டையும் ஒரு ‘ஃப்ளோட்’ மதிப்பையும் சேர்த்த ஸ்ட்ரக்ட் ஊனோவில் 5 பைட்டில் அடங்கும்; ஈஎஸ்பி32 நடுவில் வெற்றிடம் விட்டு அதை 8 பைட்டாக்கிக்கொள்ளும். பைட்டுகள் அனைத்தும் சரியாக வந்து சேர்ந்தும் வெப்பநிலை மட்டும் நம்ப முடியாத எண்ணாகத் தெரிந்தால், இருபக்கமும் ஸ்ட்ரக்ட்டின் அளவை அச்சிட்டு ஒப்பிடுவதே முதல் சோதனை. சிறிய திட்டங்களுக்கு எழுத்தாக அனுப்புவதே மேல் என்று நான் கருதுகிறேன். பழுது பார்க்கும்போது கண்ணால் படிக்க முடிவதன் மதிப்பு, மிச்சமாகும் சில பைட்டுகளைவிடப் பெரிது.

மோட்டாரை இயக்கும் கட்டளைக்கு இன்னும் ஒரு காப்பு தேவை. ஜிபிஎஸ் கருவிகளின் என்எம்இஏ வரிகளில், டாலர் குறிக்கும் உடுக்குறிக்கும் இடையில் உள்ள எழுத்துகள் அனைத்தையும் எக்ஸ்ஓஆர் செய்து (பிட்டுகளை ஒப்பிட்டு, வேறுபட்டால் 1 என்றும் ஒத்திருந்தால் 0 என்றும் கணக்கிட்டு), கிடைத்த மதிப்பை இரண்டு எழுத்துகளாக இறுதியில் சேர்க்கிறார்கள். மாணவர்கள் அதே அமைப்பைப் பின்பற்றினார்கள். டாலர் குறி வந்தால் முன்பு சேர்ந்ததைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதால், வரி முடிவான 10 இடையில் கெட்டுப்போனாலும் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொள்வதில்லை. சரிபார்ப்பு பொருந்தாத கட்டளையை ஊனோ புறக்கணிக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் செல்லுபடியாகும் எதுவும் வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடும்.

கடைசியாக, பொருந்தாமல் போன செய்திகளின் எண்ணிக்கையையும் வராமல் போனவற்றின் எண்ணிக்கையையும் ஊனோ தனித்தனியே வைத்துக்கொண்டு, நீர்மட்டத்துடன் சேர்த்து அனுப்புமாறு செய்தோம். இரண்டும் கைப்பேசித் திரையின் அடியில் சிறிய எழுத்தில் தெரிகின்றன. முதல் எண் ஏறினால் பைட்டுகள் சிதைகின்றன. வயர், மின்னழுத்தம், கடிகாரம், இண்டரப்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டாவது மட்டும் ஏறினால் பைட்டுகளே வரவில்லை. இடையகத்தையும், எதிர்ப்பக்கம் விடையளிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.